சாலை இன்ஸ்பெக்டரின் இராஜ்யம்

சண்டிகர் நகரத்தை வரைந்து கொடுத்த கட்டடக் கலைஞர் லே கொர்புசியே, அந்நகரத்தின் வருங்காலப் பிரஜைகள் கைக்கொள்ள வேண்டிய விதிகளை ஒரு சாசனமாகவே எழுதி வைத்துவிட்டுப் போனார். எந்தெந்தப் பொருள்களைக் கொண்டு கட்ட வேண்டும், ஏரியை எவ்வாறு காக்க வேண்டும் என்பன போன்ற கட்டளைகளோடு, நகரத்திலும் அதன் பூங்காக்களிலும் தனி மனிதர் எவருக்கும் சிலை வைக்கலாகாது என்ற கட்டளையும் அதில் இடம்பெற்றிருக்கிறது. முச்சந்திதோறும் தலைவர்களுக்குச் சிலை எழுப்புவதையே தேசத் தொண்டாகக் கருதிவரும் நம் நாட்டில், இப்படி ஒரு விதியை ஏட்டில் எழுதியதே ஒரு துணிச்சல்தான். ஆனால் அந்தச் சாசனம் ஆளுகின்ற அதே நகரத்தில், அதுவும் சட்டசபையும் ஹைகோர்ட்டும் தலைமைச் செயலகமும் கம்பீரமாக நிற்கும் ராஜதானி வளாகத்துக்கு அடுத்தாற்போலவே, குரங்குகளும் கரடிகளும் குடிகாரர்களும் குடம் சுமக்கும் பெண்களும் வாத்தியக்காரர்களுமாக ஆயிரக்கணக்கான உருவங்கள் வரிசை வரிசையாக நின்று, காண வருகிறவர்களைத் தாமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கின்றன. சட்டப்படி இதில் மீறல் எதுவும் இல்லை. அவற்றுள் ஒன்றுக்காவது பெயர் கிடையாது.

ராக் கார்டன் என்று உலகமெங்கும் பிரசித்தி பெற்றுவிட்ட அந்த இடத்தின் சரித்திரம், சண்டிகரின் சரித்திரத்திலிருந்து பிரிக்க முடியாதது. 1947-ல் பஞ்சாப் இரண்டாகப் பிளவுபட்டபோது அதன் தொன்மையான தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியாவின் பக்கம் எஞ்சிய கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமற் போயிற்று. சிம்லாவில் தற்காலிகமாக அலுவல்களை நடத்திக்கொண்டே, சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில், மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கு இடையே ஒரு சமவெளியைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த சண்டி கோயிலின் பெயராலேயே ஒரு நகரத்தைக் காண்பதென்று முடிவாயிற்று. முதலில் திட்டம் வகுத்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருக்குத் துணையாக இருந்த மாத்யூ நோவிக்கி 1950-ல் விமான விபத்தில் இறந்துபோகவே, பொறுப்பு லே கொர்புசியேயிடமும், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜன்னரேயிடமும், மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ என்னும் ஆங்கிலேயத் தம்பதிகளிடமும் வந்து சேர்ந்தது. பழைமையின் தளைகள் ஏதுமற்ற நகரமாக அது விளங்க வேண்டுமென்பது ஜவாஹர்லால் நேருவின் ஆசை.

பழைமையின் தளைகள் அற்ற நகரத்தைக் கட்டுவதற்கும் பழைமையை முதலில் அப்புறப்படுத்தியாக வேண்டுமல்லவா? அந்தச் சமவெளி வெற்றிடமாக இருந்ததன்று. அதில் மாந்தோப்புகளும் கிணறுகளும் மண்சுவர் வீடுகளுமாகக் கிராமங்கள் இருந்தன. அவற்றின் ஜனங்களுக்கு நஷ்டஈடு கொடுத்து அனுப்பிவிட்டு, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இடிபாட்டில் பானைகள், குடங்கள், கதவு நிலைகள், வளையல் துண்டுகள், அடுப்புக் கற்கள், சிறுவர் விளையாடிய மண் பொம்மைகள் யாவும் கிடந்தன. கட்டடக் கலையைப் பற்றிய பெரும் புத்தகங்களில் கான்கிரீட்டின் அழகு பக்கம் பக்கமாக வர்ணிக்கப்பட்டிருக்கிறதே தவிர, இந்தக் குப்பை எங்கே போயிற்று என்ற கேள்வியை எழுப்புவோர் சிலரே. அதன் கணிசமான ஒரு பகுதி, பொதுமராமத்து இலாகாவின் சாலை இன்ஸ்பெக்டர் ஒருவருடைய சைக்கிளின் பின்னால் ஏறிக் காட்டுக்குள் போயிற்று என்பதுதான் அதற்குரிய விடை.

அந்த இன்ஸ்பெக்டரின் பெயர் நேக் சந்த். 1924-ம் ஆண்டு டிசம்பர் 15-ம் தேதி, ஷகர்கட் தாலுகாவைச் சேர்ந்த பெரியான் கலான் என்னும் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பி உழவைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞருக்கு, இருபத்து மூன்றாவது பிராயம் பூர்த்தியாகும் முன்பே, நிலமும் வீடும் எல்லைக் கோட்டுக்கு அப்பால் அந்நிய நாடாகிவிட்டன. அகதியாக இந்தியாவுக்கு வந்து, கிடைத்த வேலைகளைச் செய்து, 1951-ல் சண்டிகர் நிர்மாணப் பணியில் சாலை இன்ஸ்பெக்டராக அமர்ந்தார். பெரிய உத்தியோகமன்று. ஜல்லி வந்ததா, தார் டிரம் எத்தனை, ரோலர் ஓடியதா, கூலிக்காரர்களின் மஸ்டர் ரோல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மேலதிகாரிக்குக் கணக்கு எழுதும் உத்தியோகம். கலாசாலையில் சிற்பம் பயின்றவரல்லர்; ஓவிய ஆசிரியர் ஒருவரிடமும் கை கட்டி நின்றவரல்லர். சிறு பிராயத்தில் தாயார் சொல்லிக் கேட்ட ராஜாக் கதைகளும், ஆற்றங்கரைக் களிமண்ணில் பிசைந்து விளையாடிய உருவங்களும்தான் அவருடைய பூர்வாசிரமக் கல்வி.

1958-ம் வருஷ வாக்கில் அவர் கற்களைச் சேகரிக்கத் தொடங்கினார். அலுவல் முடிந்தபின் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுக்னா, பட்டியாலி ராவ், கக்கர் முதலிய ஆற்றுப் படுகைகளுக்குப் போவதும், வெள்ளம் உருட்டி உருட்டித் தேய்த்த கூழாங்கற்களில் பறவையின் சாயலோ, குனிந்து நடக்கும் கிழவனின் சாயலோ, பன்றிக்குட்டியின் சாயலோ தெரிந்தவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவதுமாக ஏழு ஆண்டுகள் கழிந்தன. கல்லைக் கூடியவரை அவர் செதுக்கவில்லை. நிறுத்தி வைத்தார், அவ்வளவுதான். நகரத்தின் வடக்கு விளிம்பில், சுக்னா ஏரிக்கு அருகே, 1902-ம் ஆண்டிலேயே எவரும் எதையும் கட்டக் கூடாதென்று ஒதுக்கப்பட்டிருந்த வனப்பகுதியில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. புதர் அடர்ந்து மனித சஞ்சாரமற்றுக் கிடந்த அந்த இடத்தில் ஒரு குடிசையைப் போட்டுக்கொண்டு, கற்களையும், கிராமங்களின் இடிபாடுகளையும், புதிய நகரத்தின் கட்டுமானக் கழிவுகளையும் மெல்ல மெல்லக் கொண்டுபோய்க் குவித்தார். 1965-ல் உருவங்களை உண்டாக்க ஆரம்பித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் லே கொர்புசியே மத்தியதரைக் கடலில் நீந்தப் போனவர் உயிருடன் கரையேறவில்லை. இரண்டு சம்பவங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்றாலும், சரித்திரம் எழுதுகிறவனுக்கு இத்தகைய வருஷப் பொருத்தங்களைச் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.

சர்க்கார் சிப்பந்தி ஒருவர் சர்க்காருடைய வனநிலத்தை அனுமதியின்றி ஆக்கிரமித்துக் கட்டடம் எழுப்புவதென்பது, தெரிந்தால் உத்தியோகத்துக்கே உலை வைக்கக்கூடிய குற்றம். ஆகையால் பகலில் சாலை, இரவில் இராஜ்யம் என்று அவருடைய வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. மின்விளக்கு இல்லாத அந்தக் காட்டில் பழைய டயர்களைக் கொளுத்தி, அந்தப் புகையும் வெளிச்சமுமான ஜ்வாலையில் கம்பி வளைத்தார், சாந்து குழைத்தார். சுக்ரானி என்னும் ராஜ்யம் ஒரு காலத்தில் அங்கே இருந்ததென்றும், அதன் அரண்மனைகளையே தாம் மீண்டும் எழுப்புவதாகவும் பாவித்துக்கொண்டார். இந்த ரகசியத்தை அறிந்த மிகச் சிலரில் ஒருவர் எம். என். சர்மா, சண்டிகரின் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவிக்கு வந்த முதல் இந்தியர். காட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டியதும் அவர் செய்த முதல் உபகாரம், இதை வெளியே சொல்லாதே என்று எச்சரித்ததுதான். திட்டமிட்ட நகரத்தின் காவலராக இருக்க வேண்டியவர், திட்டத்தில் இல்லாத ஒன்றைத் தம் வாயை மூடியே காப்பாற்றினார்.

நேக் சந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், யாரிடமும் கற்காமல் தாமாகவே கற்றவர் என்று அவரை வியந்து போற்றுவது வழக்கம். எனக்கு இதில் ஓர் ஆட்சேபம் உண்டு. அவருக்கு ஆசான் இருந்தார். பொதுமராமத்து இலாகாதான் அந்த ஆசான். அவருடைய பொம்மை ஒன்று உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் இரும்புக் கம்பியினாலோ, ஓட்டை சைக்கிளின் பாகங்களாலோ எலும்புக்கூடு ஒன்று கட்டப்படுகிறது. அதன்மேல் மணலும் சிமெண்டுமான கலவையை அப்பி உடம்பு திரட்டப்படுகிறது. கடைசியில் வெறும் சிமெண்டுப் பாலை மெழுகி வழவழப்பாகத் தேய்த்து, ஈரம் உலர்வதற்கு முன்னால் உடைந்த பீங்கான் சில்லுகளையோ, கண்ணாடி வளையல் துண்டுகளையோ, பட்டறைகளில் உருக்கிக் கழித்த இரும்புக் கிட்டத்தையோ ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். கம்பி கட்டத் தெரியாதவனும், கலவையின் பதம் அறியாதவனும், சிமெண்டு இறுகுமுன் கையில் இருக்கும் நாழிகை எவ்வளவு, இறுகியபின் எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்று அறியாதவனும் இந்தக் காரியத்தைச் செய்ய முடியாது. பாரிஸ் நகரத்துக் கலைஞர்கள் களிமண்ணில் செய்து வெண்கலத்தில் வார்த்ததை, இவர் பாலம் கட்டுகிற முறையில் செய்தார். சுவர்களும் அப்படியே: மழையில் நனைந்து சாக்கோடு இறுகிப்போன சிமெண்டு மூட்டைகளை எந்த ஸ்டோர்கீப்பரும் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார், நேக் சந்த் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதிலாக்கினார். சாக்கு நாளடைவில் மக்கி உதிர, அதன் நெசவு மட்டும் கல்லில் பதிந்தாற்போல் நிற்கிறது. காலி டிரம்களின் வரிசை ஒரு மதில். பானைகளைக் கவிழ்த்துப் புதைத்தது ஒரு மதில். எரிந்துபோன குழல் விளக்குகளும், பீங்கான் பியூஸ் கட்டைகளும், பிளக்குகளும் பதித்தது இன்னொரு மதில். குளியலறைப் பீங்கான் தொட்டிகள் கூட உடைபட்டு ராஜதர்பாரின் தளவரிசையாகியிருக்கின்றன.

இனி அந்த உருவங்களிடம் வருவோம். அவற்றில் முதலில் கண்ணில் படுவது கூட்டம். ஒரு குரங்கை அவர் செய்வதில்லை. குரங்குப் படையைச் செய்கிறார். ஒரு மானைச் செய்வதில்லை, மந்தையைச் செய்கிறார். நவராத்திரி கொலுவில் படிப்படியாகப் பொம்மைகளை நிறுத்தும்போது, கீழ்ப்படியில் தொப்பை பருத்த செட்டியாரும் அவர் மனைவியும் கடை பரப்பி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் குழந்தைகளுக்கு மேல்படியில் இருக்கும் தெய்வங்கள் மறந்துபோகுமே, அந்த மாதிரியான செட்டியார் பொம்மைகள் மட்டுமே ஒரு குன்றுச் சரிவை நிறைத்துக்கொண்டு நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டால் சண்டிகர் காட்சி ஒருவாறு மனத்தில் படும்.

இரண்டாவதாகத் தெரிவது, பொருளுக்கும் உருவத்துக்கும் நடக்கின்ற பரிகாசம். சைக்கிள் ஆசனம் ஒரு மிருகத்தின் தலையாகிறது. ஹேண்டில்பார் அதன் கொம்பாகிறது. முன்சக்கரத்தைத் தாங்கிய கவை அதன் கால்களாகிறது. தலையாக ஆனபின்னும் அது ஆசனமாகவே இருக்கிறது. பார்க்கிறவனுடைய கண், இதுவா அதுவா என்று இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக் களைத்துச் சிரித்துவிடுகிறது. பிக்காஸோ 1942-ல் ஒரு சைக்கிள் ஆசனத்தையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை ஒன்று செய்தார். அதை மேதைமையின் சின்னமாக இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அது நியாயமே. ஆனால் பிக்காஸோ ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்; நம் இன்ஸ்பெக்டருக்கு இலாகாவின் கணக்குப் புத்தி இருந்தபடியால், கிடைத்த சைக்கிளையெல்லாம் தீர்த்துத்தான் ஓய்ந்தார்.

வளையல் பெண்கள் என்று அழைக்கப்படும் பொம்மைகளைச் சற்று அருகே சென்று காண வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்று உடைந்த கண்ணாடி வளையல்களின் வில்துண்டுகள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை நெருக்கமாகப் பதிக்கப்பட்டு உடையாகியிருக்கின்றன. கைகள் முழங்கையோடு குறுகி உடம்போடு ஒட்டியிருக்கும். முகத்தில் அதிக வேலைப்பாடு கிடையாது. மூக்கு ஒரு கிள்ளு, கண் இரண்டு சில்லு, வாய் ஒரு கோடு. வாய்க் கோடு சற்று மேலே வளைந்தால் பொம்மை குறும்பு செய்கிறது. சற்றுக் கீழே வளைந்தால் மாமியாரிடம் பேச்சு வாங்கிவிட்டு வந்து நிற்கிறது. ஒரே அச்சில் வார்த்தவை அல்லவாதலால் ஒன்றின் முகம் மற்றொன்றுக்கு இல்லை. ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டு வந்து, சுவாமி வரத் தாமதமாகிறதென்று கொஞ்சம் அலுத்துக்கொண்டு நிற்கும் ஜனங்களைப் போலவே அவர்களுடைய பாவனை. அவர்களுக்கு எதிரே கையில் உடைந்த கோப்பையை ஏந்தி நிற்கும் ஆண்கள் தேநீர் அருந்துகிறார்களா, வேறு எதையாவது அருந்துகிறார்களா என்பதைக் காண்போரின் ஊகத்துக்கே அவர் விட்டுவிட்டார்.

அந்த ராஜ்யத்துக்குள் நுழையும் வாசல்கள் யாவும் குள்ளமானவை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வழியும் ஒடுக்கமாக, வளைந்து வளைந்து, அடுத்த முற்றத்தில் என்ன இருக்கிறதென்று முன்கூட்டித் தெரியாதபடி போகிறது. வெளியே எண்ணிட்ட செக்டர்களாக, நேர்கோட்டில், எட்டு நூறு மீட்டருக்கு ஆயிரத்து இருநூறு மீட்டர் என்று அளவு பிசகாமல் வகுக்கப்பட்ட நகரத்தின் சாலைகளையே பகலெல்லாம் அளந்துகொண்டிருந்தவர், இரவில் தமக்கென்று வழி அமைத்தபோது ஒரு நேர்கோடுகூடப் போடாமல் விட்டது தற்செயலாக இராது. நகரத்தின்மீது கோபம் கொண்டு அவர் இதைச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவர் அதே நகரத்தின் சம்பளக்காரர். அதே சிமெண்டைத்தான் பூசினார். பெரிய மனிதருக்கு முன்னால் அடக்க ஒடுக்கமாக நின்றுவிட்டு, அவர் நகர்ந்ததும் அவருடைய நடையைப் போலவே நடந்து காட்டும் கிராமத்து ஹாஸ்யம் அதில் இருக்கிறது, துவேஷம் இல்லை.

பிரிவினையில் ஊரை இழந்தவருடைய துயரமே இந்தத் தோட்டமாக வடிவெடுத்தது என்று எழுதுகிற ரசிகர்கள் உண்டு. அதில் உண்மையில்லாமல் இல்லை. இடிக்கப்பட்ட கிராமங்களின் பானைகளை ஓர் அகதி பொறுக்கியெடுத்துக் கிராமம் ஒன்றைச் சமைத்தார் என்றால், அதற்குப் பொருள் சொல்லப் பெரிய பாண்டித்தியம் தேவையில்லை. ஆயினும் துயரம் ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட்டால் அந்தக் குரங்குகளுக்கு நியாயம் செய்தவராக மாட்டோம். அழுகிறவன் பதினெட்டு ஆண்டுகள் இடைவிடாமல் அழ முடியாது. விளையாடுகிறவனால்தான் அத்தனை காலம் தூக்கத்தைத் துறக்க முடியும்.

1970-களின் நடுவில் ரகசியம் வெளிப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய பன்னிரண்டு ஏக்கரில் முற்றங்களும் நூற்றுக்கணக்கான உருவங்களும் எழுந்துவிட்டன. காட்டைச் சுத்தம் செய்யவும் பார்வையிடவும் வந்த உத்தியோகஸ்தர்கள் எதிர்பாராமல் ஒரு சேனையின் முன்னால் வந்து நின்றபோது அவர்களுடைய முகபாவம் எப்படியிருந்திருக்கும் என்பதை, அந்தச் சேனையை உண்டாக்கியவரைத் தவிர வேறு எவராலும் வடித்துக் காட்டியிருக்க முடியாது. சட்டம் தெளிவாகவே இருந்தது: இடிக்க வேண்டும். அதே சமயம் செய்தி பரவி ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்துவிட்டார்கள். நகரத்தின் மரங்களையும் சோலைகளையும் வகுத்தவரும், நிர்வாகத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்தவருமான எம். எஸ். ரந்தாவா வந்து பார்த்து, இதை இடிக்கவும் வேண்டாம், வல்லுநர்களைக் கொண்டு திருத்தவும் வேண்டாம், செய்தவர் போக்கிலேயே விட்டுவிடுங்கள் என்ற கருத்தைக் கொண்டார். இரண்டாவது ஆலோசனையே முதலாவதைக் காட்டிலும் அரியது. நம் நாட்டில் இடிப்பதினால் அழிந்த அழகுகளைவிட, திருத்துவதினால் அழிந்த அழகுகளே அதிகம் என்பதைச் சுண்ணாம்பு பூசிய கோயில் சிற்பங்களைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இதன் பிறகு நிர்வாகம் செய்தது ஓர் அபூர்வமான காரியம். 1976-ல் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, குற்றவாளியாகக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டியவரையே, ராக் கார்டனின் சப்-டிவிஷனல் என்ஜினீயர் என்ற பதவியில் அமர்த்தி, சம்பளமும் கொடுத்து, ஐம்பது வேலையாட்களையும் உதவிக்கு அளித்தது. இப்படி ஒரு பதவி அதற்கு முன் எந்த இலாகாவின் ஏட்டிலும் இருந்திராது. நகரத்தின் பல பாகங்களில் கழிவுப் பொருள்களைச் சேகரிக்கும் நிலையங்களும் ஏற்பட்டன. முன்பு இருளில் பொறுக்கியதை இப்போது லாரி கொண்டுவந்து இறக்கியது. தையற்கடைத் துணி வெட்டுகளும், முடிதிருத்தும் நிலையங்களில் பெருக்கித் தள்ளிய மயிருங்கூட வந்து சேர்ந்தன. தோட்டம் விரிந்து, அருவிகளும் ஓடைகளும் சிறு கிராமமும் திறந்தவெளி அரங்கமும் உயர்ந்த வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல்களுமாக, காலக்கிரமத்தில் சுமார் 40 ஏக்கர் அளவுக்கு வளர்ந்தது. கந்தலைக் கம்பியில் சுற்றிச் சுற்றி ஆளுயரப் பொம்மைகளைச் செய்வதிலும் அவர் இறங்கினார். இரவில் தனியாளாகச் செய்த முதற்பகுதியின் அந்தரங்கம் பிற்காலத்து விசாலமான பகுதிகளில் இல்லை என்பது என் எண்ணம். ஐம்பது பேர் சேர்ந்தால் அருவியை உண்டாக்கலாம். கோணல் வாயை உண்டாக்க ஒருவர்தான் வேண்டும். ஆனால் ஊஞ்சலில் ஆடுகிற குழந்தைகளிடம் இதைச் சொன்னால் எடுபடாது.

கீர்த்தி விரைந்து வந்தது. 1983-ல் தபால் தலையில் அவருடைய பொம்மைகள் இடம்பெற்றன. 1984-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் குழந்தைகள் மியூசியம் ஒன்றில் அவருடைய உருவங்களைக் கொண்டு ஒரு தோட்டம் அமைந்தது. அவற்றில் பல பிற்பாடு வேறு மியூசியங்களுக்குப் போயின. விஸ்கான்சின் மாகாணத்து ஷிபாய்கன் என்னும் சிற்றூரில் உள்ள கோலர் கலை மையத்தில் அவருடைய பொம்மைகளின் பெரிய சேகரம் இன்று இருக்கிறது. முறையாகப் பயிலாதவர்களின் கலைக்கென்று ஸ்விட்சர்லாந்தின் லொஸான் நகரத்தில் ஒரு மியூசியம் திறக்கப்பட்டதும், ராக் கார்டன் திறக்கப்பட்ட அதே 1976-ல்தான். மேனாட்டார் இத்தகையோரைக் கலையுலகுக்கு வெளியே நிற்பவர்கள் என்று வகைப்படுத்துவது வழக்கம். குயவரும் தச்சரும் கொத்தரும் பள்ளிக்கூடம் போகாமலே உருவம் செய்துவந்த தேசத்தில், உள்ளே எது, வெளியே எது என்று பிரித்துச் சொல்லுவது சிரமம்.

ஊரில் எல்லோருக்கும் அவர்மேல் பிரியம் இருந்ததென்றும் சொல்லிவிட முடியாது. 1980-களின் இறுதியில், தோட்டத்தின் ஊடே ஒரு சாலை போட வேண்டுமென்று முயற்சி நடந்து, புல்டோசர்களே வந்து நின்றன. வாழ்நாளெல்லாம் சாலை போட்ட மனிதருடைய பொம்மைகளைச் சாலைக்காகவே அழிக்க வந்தார்கள் என்பது, விதியின் ஹாஸ்யம் அவருடையதைவிடக் கொடியது என்பதற்குச் சாட்சி. அப்போது நகரத்து ஜனங்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, கைகோத்து நின்று வழியை மறித்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்று அவருக்கு அனுகூலமாகத் தீர்ந்தது. பின்னர் 1996-ல் அவர் வெளிநாட்டுப் பிரயாணத்தில் இருந்த வேளையில், பணியாட்கள் விலக்கப்பட்டுக் காவலற்றுக் கிடந்த தோட்டத்துக்குள் விஷமிகள் புகுந்து பல உருவங்களை உடைத்துப் போட்டார்கள். உடைந்தவற்றிலிருந்தே உண்டானவை மறுபடி உடைந்தன. அவர் திரும்பி வந்து மறுபடி ஒட்டினார். அடுத்த ஆண்டிலேயே அவர் பெயரால் ஓர் அறநிலையம் இங்கிலாந்தில் தோன்றி, உலகின் பல பாகங்களிலிருந்தும் தொண்டர்களை அனுப்பிப் பழுதுபார்க்கும் வேலைக்குக் கை கொடுத்தது. 2015-ம் ஆண்டு ஜூன் மாதம், தொண்ணூறு வயது நிறைந்து, நேக் சந்த் காலமானார். மறு ஆண்டு ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் லே கொர்புசியேயின் ராஜதானி வளாகத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்களான குரங்குகள் அந்தப் பட்டியலில் சேரவில்லை. கூட்டம் என்னவோ அவற்றிடம்தான் அதிகம் போகிறது.

நம்மவர்களில் சண்டிகர்வரை போக வசதியில்லாதவர்கள், கோயம்புத்தூரிலிருந்து வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் மலம்புழா அணைக்குப் போனால், அங்கேயும் நேக் சந்த் அமைத்துக் கொடுத்த சிறிய ராக் கார்டன் ஒன்றைக் காணலாம். உடைந்த ஓடும், வளையலும், மின்சாதனக் கழிவும் அங்கும் பொம்மைகளாகியிருக்கின்றன. கேட்டு வாங்கிச் செய்வித்த தோட்டம் அது. சண்டிகரில் தோட்டம் முதலிலும் டிக்கெட் பின்னாலும் வந்ததென்றால் இங்கே இரண்டும் சேர்ந்தே வந்தன. அதே அணைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் நிர்மாணித்த யக்ஷி, கூந்தலை விரித்துக் கால்களை நீட்டி, பிரம்மாண்டமான உருவத்தோடு மலையை நோக்கி அமர்ந்திருக்கிறாள். கானாயி சென்னைக் கலைக் கல்லூரியிலும் லண்டனிலும் முறையாகச் சிற்பம் பயின்றவர். நேக் சந்த் சாலை போட்டுப் பயின்றவர். இருவர் கையிலும் இருந்தது சிமெண்டுதான். யக்ஷியின் எதிரே வந்ததும் குடும்பத்தோடு வந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு, குழந்தைகளைச் சற்று வேகமாக நடத்திச் செல்லுகிறார்கள். வளையல் பொம்மைகளின் பக்கம் திரும்பியதும், இது யாருடைய ஜாடை, அது எந்தச் சித்தப்பாவின் தொப்பை என்று வம்பு தொடங்கிவிடுகிறது.